கார் ஏற்ற மூடிய டிரெய்லர்: 7,600 டாலர் போன பிறகு எனக்குத் தெரிந்தவை

கார் ஏற்றிப் போக மூடிய டிரெய்லர் ஒன்று வாங்கி, அதில் எனக்கு ஏறத்தாழ 7,600 டாலர் போனது. ஒரு கோடைக்காலம் முழுக்க அலைச்சலிலேயே கழிந்தது. இதை யாரிடமும் விரிவாகச் சொன்னதில்லை. போன மாதம், டெட்ராய்ட்டுக்குப் பக்கத்தில் கான்டனில் இருக்கும் ஒரு தம்பி போன் செய்து, "அண்ணா, 24 அடி டிரெய்லர் ஒண்ணு பாத்திருக்கேன். 9,000 டாலர்தான் சொல்றாங்க. முன்பணம் கட்டிரலாமா?" என்று கேட்டபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. நான் வாங்கிய அதே அளவு, கிட்டத்தட்ட அதே விலை. அன்று இரவு அவரிடம் ரொம்ப நேரம் பேசினேன். பேசியதை எழுதி வைத்தால் அடுத்து வாங்குகிறவருக்கும் உதவும் என்று தோன்றியது.

என்னிடம் இருப்பது ஃபோர்டு மஸ்டாங் ஜி.டி. கோடையில் அதை மிச்சிகனின் சவுத் ஹேவனில் உள்ள ஜிஞ்சர்மேன், ஒஹாயோவில் உள்ள மிட்-ஒஹாயோ மாதிரியான பந்தய ட்ராக்குகளுக்குக் கொண்டுபோய் ஓட்டுவேன். ட்ராக்கில் ஓடிய காரை அப்படியே வீட்டுக்கு ஓட்டி வரலாம் என்று நம்பிப் போக முடியாது. பிரேக் பேட் தீர்ந்திருக்கும், ஏதாவது உடைந்திருக்கும். ஆரம்பத்தில் ஒரு நண்பரின் திறந்த டிரெய்லரை இரவல் வாங்கிக்கொண்டு போனேன். மழை பெய்தால் எல்லாம் நனையும், லாரி தெறிக்கவிடும் கல் பெயின்ட்டில் படும், இரவு ஹோட்டலில் தங்கினால் ஜன்னல் வழியாக எட்டி எட்டிப் பார்க்க வேண்டும். மூடிய டிரெய்லர் இருந்தால் கார், டயர்கள், கருவிகள் எல்லாம் உள்ளேயே பூட்டிக் கிடக்கும். ஆசை அப்படித்தான் வந்தது. வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை மட்டும் போகிறவர்களுக்கு நான் இன்றும் திறந்த டிரெய்லரைத்தான் சொல்வேன். எடை குறைவு, காற்றின் எதிர்ப்பு குறைவு, விலையும் குறைவு.

கடைகளுக்குப் போனால் முதலில் தலை சுற்றும். எட்டரை அடி அகலம், 24 அடி நீளம், வெள்ளை அல்லது கறுப்புப் பெட்டி. எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். ஒன்றின் விலை 9,000 டாலர், பக்கத்தில் இருப்பது 16,000, இன்னொன்று 30,000-க்கு மேல். ஏன் இந்த வித்தியாசம் என்று கேட்டால் விற்பவர் உள்ளே தொங்கும் எல்.இ.டி. விளக்கையும், தரையில் ஒட்டிய சதுரங்கக் கட்டம் போட்ட விரிப்பையும், அலமாரியையும் காட்டுவார். விலை வித்தியாசத்துக்கான உண்மையான காரணம் பிளைவுட்டுக்குப் பின்னாலும் தரைக்கு அடியிலும் இருக்கிறது. அங்கே யாரும் நம்மைக் கூட்டிப்போவதில்லை. அமெரிக்காவில் இந்த டிரெய்லர்களில் பெரும்பகுதி இண்டியானாவின் எல்க்ஹார்ட் வட்டாரத்திலிருந்தும், தெற்கு ஜார்ஜியாவின் டக்ளஸ் போன்ற ஊர்களைச் சுற்றியுள்ள தொழிற்சாலைகளிலிருந்தும் வருகின்றன. ஒரே தொழிற்சாலை மலிவு ரகம் ஒன்றும் உயர்ந்த ரகம் ஒன்றும் செய்யும். வெளித்தோற்றத்தில் ஸ்டிக்கர் மட்டும்தான் மாறியிருக்கும். அதனால் கம்பெனி பெயரை மட்டும் விசாரித்துப் பயனில்லை. எந்த ரகம், எந்த வருடம், எந்த அளவுகளில் கட்டியது என்று கேட்க வேண்டும்.

நான் வாங்கியது 9,600 டாலர். மிச்சிகனின் 6 சதவீத விற்பனை வரி சேர்த்து 10,176. "கார் ஏற்றத்தான் வாங்குகிறேன், மஸ்டாங்" என்று கடைக்காரரிடம் தெளிவாகச் சொன்னேன். "எல்லோரும் இதில்தான் கார் ஏற்றுகிறார்கள்" என்றார். விளம்பரத் தாளிலும் 'கார் ஹாலர்' என்றே அச்சடித்திருந்தது. டிரெய்லர் எவ்வளவு எடை தாங்கும் என்பதை அந்த இரண்டு வார்த்தைகள் சொல்லாது என்பதை அப்போது எனக்குச் சொல்ல ஆள் இல்லை.

முதல் அதிர்ச்சி எடைப் பாலத்தில். நெடுஞ்சாலை ஓரங்களில் லாரிக்காரர்கள் நிறுத்தும் இடங்களில் கேட் ஸ்கேல் (CAT Scale) என்ற எடைப் பாலம் இருக்கும். கட்டணம் கொடுத்தால் யார் வேண்டுமானாலும் எடை போடலாம். வண்டியை இழுக்கும்போது பின்பக்கம் மந்தமாக அசைவதுபோல இருந்ததால் காரை ஏற்றியபடியே போய் நிறுத்தினேன். காலி டிரெய்லர் மட்டும் 3,860 பவுண்டு என்று முன்பே எடைபோட்டு வைத்திருந்தேன். கார் 3,720. ஸ்பேர் டயர்கள், ஜாக், கருவிகள் என்று ஒரு 450. மொத்தம் 8,030 பவுண்டு. டிரெய்லரின் முன்பக்கம் இடது ஓரத்தில் ஒரு தகடு ஒட்டியிருக்கும். அதில் ஜி.வி.டபிள்யூ.ஆர். என்று ஓர் எண் இருக்கும். டிரெய்லரும் சரக்கும் சேர்ந்து அதிகபட்சம் எவ்வளவு இருக்கலாம் என்பது அது. என்னுடையதில் 7,000. அதாவது 1,030 பவுண்டு, கிட்டத்தட்ட 470 கிலோ, அதிகம். 'கார் ஹாலர்' என்று விற்ற டிரெய்லரில் 3,140 பவுண்டுக்கு மேல் எதையும் ஏற்ற முடியாது. இன்றைய கார்களில் மாஸ்டாவின் மியாட்டா போன்ற சின்னக் கார்கள் தவிர அந்த எடைக்குள் அடங்குபவை குறைவு.

அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு லாரி நிறுத்தத்தில் நின்றது நன்றாக நினைவிருக்கிறது. கோபத்தைவிடப் பயம்தான் முதலில் வந்தது. அதே எடையோடு அதுவரை நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்திருக்கிறேன், பக்கத்து இருக்கையில் மனைவி.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது நீளத்தையல்ல, அந்தத் தகட்டை. மலிவான 24 அடி டிரெய்லர்களில் 3,500 பவுண்டு தாங்கும் இரண்டு ஆக்ஸில் (சக்கர அச்சு) போட்டு 7,000 என்று குறித்திருப்பார்கள். கார் ஏற்ற வேண்டுமென்றால் குறைந்தது 5,200 பவுண்டு ஆக்ஸில் இரண்டு வேண்டும். அப்படிப்பட்டவற்றில் பெரும்பாலும் 9,990 என்று தகட்டில் இருக்கும். 10,000-ஐத் தாண்டினால் உரிம விதிகளும் வணிக வாகன விதிகளும் சில நிலைமைகளில் குறுக்கே வரும் என்பதால் அந்த எண்ணில் நிறுத்துகிறார்கள். கனமான காரும் நிறையச் சாமானும் என்றால் 6,000 அல்லது 7,000 பவுண்டு ஆக்ஸில். காலி எடையை விளம்பரத் தாளில் பார்த்து நம்பாதீர்கள். அலமாரி, காரை உள்ளே இழுக்கும் விஞ்ச், ஸ்பேர் சக்கரம், பக்கவாட்டுக் கதவு ஒவ்வொன்றும் எடை கூட்டும். முன்பணம் கட்டும் முன் எடைப் பாலத்துக்குக் கொண்டுபோய் எடைபோட்டுக் காட்டச் சொல்லுங்கள். நல்ல கடைக்காரர் ஒத்துக்கொள்வார்.

எடைப் பாலத்திலேயே இன்னொன்றையும் பார்த்துவிடலாம். டிரெய்லர் மாட்டிய நிலையில் ஒரு முறை, கழற்றிவிட்டு, அதை இழுக்கும் பிக்கப் வண்டியை மட்டும் ஒரு முறை எடை போடுங்கள். பிக்கப்பின் இரண்டு அச்சுகளில் எவ்வளவு கூடியதோ அதுதான் டிரெய்லரை மாட்டும் இரும்புப் பந்தின்மேல் அமரும் எடை. இது டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். குறைந்தால் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும். 60 மைல் வேகத்தில் அது தொடங்கினால் சமாளிப்பது கடினம். எனக்கு 880 பவுண்டு, அதாவது 11 சதவீதம், இருந்தது. காரை ஓரடி முன்னே பின்னே நகர்த்தினாலே இந்த எண் மாறும். சரியான இடம் தெரிந்ததும் தரையில் டேப் ஒட்டி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். இந்த எடை முழுக்க உங்கள் பிக்கப்பின் சுமைக் கணக்கில் சேரும். ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் மஞ்சள் கோடு போட்ட ஸ்டிக்கரில் இருக்கும் எண்ணில் இதையும், ஹிட்ச் என்ற இணைப்பின் எடையையும், உள்ளே உட்காருபவர்களையும் கழித்துப் பாருங்கள். விளம்பரத்தில் 11,000 பவுண்டு இழுக்கும் என்று போட்டிருக்கும் வண்டி, இந்த ஸ்டிக்கர் கணக்கில் தோற்றுவிடலாம்.

எடை தெரிந்த பிறகு கருவிகளைப் பிக்கப்புக்கு மாற்றினேன், ஸ்பேர் டயர்களைக் குறைத்தேன். காரின் எடையை என்ன செய்ய முடியும்? ஏற்கெனவே பணம் கட்டியிருந்த ஒரு ட்ராக் நாளுக்காக ஜூலை வெயிலில் ஐ-94 நெடுஞ்சாலையில் மேற்கே போய்க்கொண்டிருந்தோம். ஜாக்சனைத் தாண்டி ஆல்பியன் வருவதற்கு முன் பின்னால் வெடிச் சத்தம். வலப்பக்கப் பின் டயரின் மேல் ரப்பர் பட்டையாகப் பிரிந்து சுழன்று சுழன்று அடித்திருக்கிறது. ஃபெண்டர் கிழிந்துவிட்டது, சக்கரத்துக்கு மேலே ஓடிய பிரேக் வயரும் விளக்கு வயரும் அறுந்துவிட்டன, உள்ளே சக்கர மூடியின் பிளைவுட் உடைந்து காரின் பக்கவாட்டில் ஒரு நீளக் கீறல். லாரிகள் கடந்து போகும்போதெல்லாம் அந்தப் பெரிய பெட்டி ஆடும். அதன் ஓரமாகக் குனிந்து சக்கரம் மாற்றுவதற்குள் உயிர் போய் வந்தது. எங்கள் சாலையோர உதவித் திட்டத்துக்குப் போன் செய்தால், அந்தச் சந்தாவில் டிரெய்லர் சேராது என்றார்கள். உங்களுடையதில் சேருமா என்று இன்றைக்கே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

டிரெய்லர் டயர் தனி ரகம்; அளவுக்கு முன்னால் எஸ்.டி. என்று இருக்கும். என்னுடையதில் இருந்தது எஸ்.டி. 205/75 ஆர்15, எடை தாங்கும் தரத்தில் (லோடு ரேஞ்ச்) சி. முழுக் காற்றான 50 பி.எஸ்.ஐ.யில் ஒரு டயர் 1,820 பவுண்டு தாங்கும். நான்குக்கும் சேர்த்து 7,280. என் ஆக்ஸில்களின் மேல் எடைப் பாலத்தில் காட்டியது 7,150. கருவிகளை இறக்கிக் கொஞ்சம் குறைத்த பிறகும், வெயிலும் கொஞ்சம் காற்றுக் குறைவும் சேர்ந்தால் மிச்சம் எதுவும் இருக்காது. அதே அளவில் லோடு ரேஞ்ச் டி டயர் 65 பி.எஸ்.ஐ.யில் 2,150 பவுண்டு தாங்கும். 225/75 ஆர்15 அளவில் ஈ ரகம் 80 பி.எஸ்.ஐ.யில் 2,830. வித்தியாசத்தைப் பாருங்கள். ஆனால் டயரை மட்டும் மாற்றிவிட முடியாது, சக்கரத்தின் ரிம்மும் அந்தக் காற்றழுத்தத்தைத் தாங்குவதாக இருக்க வேண்டும். எஸ்.டி. டயர்களில் பல மணிக்கு 65 மைல் வேகத்துக்கே தகுதி பெற்றவை. டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. எழுத்துகளின் முடிவில் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரம் செய்தது. கடையில் வெயிலில் நின்ற டிரெய்லர் 'புதியது' என்றாலும் டயர் பழசாக இருக்கலாம். ஐந்தாறு வருடம் தாண்டிவிட்டால், பார்க்கப் புதிதாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள். புது டிரெய்லரிலும், சக்கரம் கழற்றி மாட்டிய பிறகும், முதல் 10, 25, 50 மைலில் நிறுத்தி நட்டுகளை டார்க் ரெஞ்ச்சால் இறுக்க வேண்டும் என்று ஆக்ஸில் தயாரிப்பாளரான டெக்ஸ்டரின் கையேடே சொல்கிறது. அந்தக் கையேட்டை யாரும் கையில் கொடுப்பதில்லை. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

வயரையும் ஃபெண்டரையும் சரிசெய்ய 1,350 டாலர், நான்கு டயருக்கு 520. பட்டறையில் உள்ளே பிளைவுட்டைக் கழற்றியபோது நான் பார்த்ததுதான் எனக்கு உண்மையான பாடம். சுவரின் உள்ளே நிற்கும் கம்பங்கள் 24 அங்குலத்துக்கு ஒன்று. அவையும் சதுரக் குழாய் இல்லை, மடித்த மெல்லிய தகடு. தரைக்கு அடியிலும் குறுக்குச் சட்டங்கள் 24 அங்குல இடைவெளியில். காரைக் கட்டும் டி-வளையங்கள் பிளைவுட்டில் துளை போட்டு வாஷர் வைத்து இறுக்கியவை. இரும்பைத் தொடவே இல்லை. முன்பக்கம் ஒரு வளையத்தைச் சுற்றி மரம் ஏற்கெனவே மேலே எழும்பி வெடித்திருந்தது. திடீரென்று பிரேக் போட்டால் 3,700 பவுண்டு கார் முக்கால் அங்குலப் பிளைவுட்டின் தயவில் நின்றிருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பட்டறைக்காரர் வயதானவர், பல வருடம் ரேஸ் அணிகளின் டிரெய்லர்களைப் பார்த்தவர். கோபப்படாமல், ஒரு டார்ச்சைக் கையில் கொடுத்து, தரையில் அட்டை விரித்து, "படுத்துப் பார்" என்றார். ஒரு மணி நேரம் அவர் தன்னிடம் நின்ற வேறு இரண்டு டிரெய்லர்களுக்கு அடியில் என்னைப் படுக்கவைத்துக் காட்டினார். அந்த மனிதருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

அவர் காட்டியதை வரிசையாகச் சொல்கிறேன். முதலில் நீளவாட்டில் ஓடும் இரண்டு முக்கியச் சட்டங்கள். 24 அடிக்கு ஆறு அங்குல உயரமாவது வேண்டும், இன்னும் நீளம் என்றால் எட்டு. சதுரக் குழாயா, ஐ-பீமா, ஒரு பக்கம் திறந்த சி-சேனலா என்று தடவியே பார்த்துவிடலாம். குழாய்க்கு முறுக்கைத் தாங்கும் சக்தி அதிகம். அடுத்து தரையின் குறுக்குச் சட்டங்கள், சுவர்க் கம்பங்கள், கூரை வளைவுகள் ஆகிய மூன்றின் இடைவெளி. மூன்றும் 16 அங்குலத்தில் இருந்தால் நல்லது. விற்பவர் "16 அங்குலம்" என்று சொல்வார். எதற்கு என்று கேளுங்கள். தரைக்கு மட்டும் 16, சுவருக்கும் கூரைக்கும் 24 என்று இருப்பது சாதாரணம். பந்தல்கால்களைத் தள்ளித் தள்ளி நட்டால் கூரை எப்படிக் காற்றுக்கு ஆடுமோ அப்படித்தான் இதுவும்: எட்டரை அடி அகலப் பெட்டி நெடுஞ்சாலைக் காற்றில் ஒவ்வொரு மைலும் முறுக்கிக்கொண்டே போகும், அந்த முறுக்கலில் ஸ்க்ரூக்கள் தளர்ந்து ஓட்டை பெரிதாகும். பிறகு மழைத்தண்ணீர் அதன் வழியைக் கண்டுபிடித்துவிடும்.

முன்பக்கம் பந்துக்கு வரும் முக்கோணச் சட்டத்தை அவர் ரொம்ப நேரம் காட்டினார். அது பெட்டியின் முன் விளிம்போடு நின்றுவிடுகிறதா, அடியில் பல அடி உள்ளே போய்ப் பல குறுக்குச் சட்டங்களோடு வெல்டிங் ஆகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நடுவில் மூன்றாவது குழாய் இருந்தால் இன்னும் நல்லது. வெல்டிங் சீராக, விட்டுவிடாமல் இருக்க வேண்டும். கறுப்புப் பூச்சை அப்பி மறைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். மிச்சிகன் மாதிரி குளிர்காலத்தில் சாலையில் உப்புக் கொட்டும் ஊரில் ஓடிய பழைய டிரெய்லர் என்றால், ஆக்ஸில் மாட்டியிருக்கும் இடங்களில் துருவைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். வயர்கள் குழாய்க்குள் போகின்றனவா, வெறுமனே தொங்குகின்றனவா என்பதிலேயே கட்டியவரின் மனசு தெரிந்துவிடும். ஆக்ஸிலில் லீஃப் ஸ்பிரிங் (இரும்புப் பட்டை ஸ்பிரிங்), டார்ஷன் (ரப்பர் முறுக்கு) என்று இரண்டு ரகம் உண்டு. டார்ஷன் குலுங்கல் குறைவு, காருக்கு இதம். லீஃப் ஸ்பிரிங் மலிவு, எந்த ஊரிலும் மாற்றலாம். அதை எடுத்தால் பிளாஸ்டிக் புஷ்ஷுக்குப் பதிலாக வெண்கலப் புஷ்ஷும் கிரீஸ் போடும் போல்ட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு ஆக்ஸிலிலும் பிரேக் இருக்கிறதா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

டி-வளையத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. "5,000 பவுண்டு வளையம்" என்று விற்பது பெரும்பாலும் அறுந்துபோகும் அளவு; பாதுகாப்பாகச் சுமத்தக்கூடியது அதில் மூன்றில் ஒரு பங்கு, 1,666. வளையம் தரையைத் துளைத்து, அடியில் கனமான இரும்புத் தகட்டோடும் குறுக்குச் சட்டத்தோடும் போல்ட் ஆகியிருந்தால்தான் அந்த எண்ணுக்கே பொருள் உண்டு. நீங்கள் 3,333 பவுண்டு தாங்கும் பட்டையால் கட்டினாலும், பலவீனமான இடம் எதுவோ அதுதான் உங்கள் காரைப் பிடித்திருக்கும். வளையத்துக்கு நேர் கீழே படுத்துப் பாருங்கள், ஒரு நிமிட வேலை.

இலையுதிர் காலம் வந்தது, மழையும் வந்தது. ஒரு நாள் வண்டியைத் திறந்த மனைவி, "என்னங்க, உள்ள ஈர நாத்தம் அடிக்குது" என்றாள். முன் மூலையில் கூரையும் சுவரும் சேரும் இடத்தில் ஒழுகி, தண்ணீர் பிளைவுட் வழியாக இறங்கித் தரை ஓரம் ஊதியிருந்தது. ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வைத்திருந்த காரின் இருக்கையில் பூஞ்சை. காருக்கு வெயில், மழை படக்கூடாது என்றுதான் இவ்வளவும் செய்தேன்; அந்தப் பெட்டிக்குள்ளேயே அது பாழானதைப் பார்த்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. சீலண்ட் பூச 400, காரின் உட்புறம் சுத்தம் செய்ய 650.

ஒழுகலைக் கடையிலேயே கண்டுபிடிக்கலாம். நல்ல வெயிலில் உள்ளே போய் எல்லாக் கதவையும் சாத்தச் சொல்லுங்கள். கண் பழகியதும் மேலே மூலைகளில், கூரை வென்ட்டைச் சுற்றி, காரை ஏற்றச் சரிவாக இறங்கும் ரேம்ப் கதவின் ஓரங்களில் வெளிச்சக் கோடு தெரிகிறதா பாருங்கள். முடிந்தால் தோட்டக் குழாயால் கூரைமேல் தண்ணீர் அடிக்கச் சொல்லி உள்ளே நில்லுங்கள். கூரை ஒரே அலுமினியத் தகடாக இருப்பது நல்லது; தட்டையாக இல்லாமல் நடுவில் சற்று உயர்ந்து வளைந்திருந்தால் தண்ணீரும் பனியும் நிற்காது. வெளிச்சுவரில் அலுமினியத் தகட்டை வரிசையாக ஸ்க்ரூ அடித்துப் பிடித்திருக்கிறார்களா, பசையால் ஒட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். ஒவ்வொரு ஸ்க்ரூவும் ஒரு ஓட்டை. இரும்பு ஸ்க்ரூ அலுமினியத்தைத் தொடும் இடத்தில் உப்புத் தண்ணீர் பட்டால் அரிப்பும் சீக்கிரம் வரும். தகட்டின் கனம் .024 அங்குலத்தைவிட .030 இருப்பது நல்லது, கையால் அழுத்தினாலே வேறுபாடு தெரியும். எதை வாங்கினாலும் வருடத்துக்கு ஒரு முறை ஏணி போட்டு ஏறி சீலண்ட் வெடித்திருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

ரேம்ப், கதவு விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரேம்ப் கதவு எத்தனை பவுண்டு தாங்கும் என்று எழுத்தில் கேளுங்கள். தாழ்வான கார் என்றால் தரையின் கடைசிப் பகுதி கீழ்நோக்கிச் சரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் முன் பம்பர் உரசும். உள்ளே ஏற்றிய பிறகு ஓட்டுநர் கதவைத் திறக்க இடமே இருக்காது. இடப்பக்கச் சுவரில் சக்கர மூடிக்கு மேலே திறக்கும் கதவு இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் ஜன்னல் வழியாகத்தான் வெளியே வர வேண்டும். பிறகு சேர்ப்பது செலவு. உங்கள் காரையே கொண்டுபோய்க் கடையில் ஏற்றிப் பார்ப்பதுதான் நிச்சயமான வழி.

கடைக்காரரிடம் திரும்பிப் போனேன். டயர், வயர், கிழிந்த ஃபெண்டர் எதுவும் உத்தரவாதத்தில் வராது, ஏனென்றால் தகட்டில் உள்ள எடையைத் தாண்டியிருக்கிறேன் என்றார். "கார் ஏற்றத்தான் விற்றீர்கள்" என்றேன். தகடு எல்லோரும் பார்க்கும் இடத்தில்தான் இருக்கிறது என்று பதில் வந்தது. தொழிற்சாலைக்கு எழுதினால் கடையைக் கேள் என்றார்கள். வாய்ப்பேச்சாகச் சொன்ன எதுவும் நிற்கவில்லை. இரண்டாவது முறை வாங்கியபோது, "3,720 பவுண்டு காரும் 450 பவுண்டு சாமானும் ஏற்றத் தகுந்தது" என்று விலைச்சீட்டிலேயே எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னேன். இன்னொன்று: தேசிய டிரெய்லர் உற்பத்தியாளர் சங்கத்தின் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால், மத்தியப் பாதுகாப்பு விதிகளுக்கு ஏற்பத் தயாரிக்கும் முறை அந்தத் தொழிற்சாலையில் இருக்கிறதா என்று சரிபார்த்திருக்கிறார்கள் என்று பொருள். இருப்பது நல்லதுதான். ஆனால் 24 அங்குல இடைவெளி பற்றியோ உங்கள் காரைப் பற்றியோ அது எதுவும் சொல்லாது.

அந்த டிரெய்லரை 5,500 டாலருக்கு, கண்காட்சிகளுக்கு எடை குறைந்த சாமான் கொண்டுபோகும் ஒருவருக்கு விற்றேன். எடைச் சீட்டு, ஒழுகிய மூலை, வளையங்கள் எல்லாவற்றையும் காட்டிச் சொல்லித்தான் விற்றேன். அவர் ஏற்றும் எடைக்கு அது போதும்.

அதன் பிறகு வாங்கியது பழைய டிரெய்லர், சட்டம் முழுக்க அலுமினியத்தில் கட்டியது, 17,500 டாலர். இதே ரகத்தைப் புதிதாக வாங்க எனக்கு வசதியில்லை. அயோவாவின் கிரெஸ்கோவில் ஃபெதர்லைட், இண்டியானாவின் நாப்பனியில் ஏ.டி.சி., இன்டெக் போன்றவை முழு அலுமினிய டிரெய்லர்கள் கட்டுகின்றன. 'அலுமினியம் டிரெய்லர்' என்று விற்பவற்றில் பல, இரும்புச் சட்டத்தின்மேல் அலுமினியத் தகடு போர்த்தியவை. பையில் ஒரு காந்தம் கொண்டுபோங்கள், சட்டத்தில் வைத்துப் பாருங்கள். இதன் காலி எடை 3,400 பவுண்டு, தகட்டில் 9,990. காரும் சாமானும் ஏற்றினால் 7,570. கையில் 2,400 பவுண்டுக்கு மேல் மிச்சம். அலுமினியம் உப்புக்குத் துருப்பிடித்து உதிராது, ஆனால் வெல்டிங் ஓரங்களில் விரிசல் வரலாம். முன் முக்கோணமும் ஆக்ஸில் மாட்டிய இடமும் சோப்புத் தண்ணீரால் கழுவி டார்ச் அடித்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். பணம் குறைவாக இருந்தால் இரும்பே போதும், 16 அங்குலமும் 5,200 பவுண்டு ஆக்ஸிலும் இருந்தால்.

பதிவு எண் வாங்கும் முன் இரண்டு வேலை பாக்கியிருக்கும். தயாரிப்பாளர் பெயரையும் டிரெய்லரின் அடையாள எண்ணான வி.ஐ.என்.-ஐயும் மத்திய நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறையான என்.எச்.டி.எஸ்.ஏ. தளத்தில் போட்டுத் குறைபாட்டுக்காகத் திரும்பப்பெறும் அறிவிப்பு ஏதாவது நிலுவையில் இருக்கிறதா என்று பாருங்கள். டிரெய்லர்களுக்கும் அது உண்டு. அடுத்து காப்பீடு. பிக்கப்பின் பாலிசி, டிரெய்லர் பிறர் மேல் மோதினால் வரும் பொறுப்பைப் பெரும்பாலும் ஏற்கும். டிரெய்லருக்கே சேதமானாலோ வீட்டு வாசலிலிருந்து திருடு போனாலோ தனிப் பாலிசி வேண்டியிருக்கும். உள்ளே இருக்கும் காருக்கும் கருவிகளுக்கும் எது பொருந்தும் என்று முகவரிடம் மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கான்டன் தம்பி இந்த வாரம் அந்த 9,000 டாலர் டிரெய்லரை எடைப் பாலத்துக்குக் கொண்டுவரச் சொல்லிக் கேட்டிருக்கிறார். நானும் டார்ச்சும் காந்தமும் எடுத்துக்கொண்டு அவரோடு போகிறேன்.